வலது காலில் மட்டும்

23 செப்டெம்பர் 2024

எங்கள் ஐஸ் ஹொக்கி அணிக்குப் புதிதாக ஒரு கோலி, வலை காக்கிறவன், வந்திருக்கிறான். பெயர் யானிக், வயது இருபத்துமூன்று. வந்த முதல் நாளே என் கொளுக்கியில் தன் துவாயைத் தொங்கவிட்டிருந்தான். எடுத்து நிலத்தில் போட்டேன். சிரித்துக்கொண்டே பொறுக்கினான். இப்படிப் பல்லைக் காட்டுகிறவர்களை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது.

அணிக்கு இரண்டு கோலி. வலைக்கு முன்னால் நிற்கப் போவது ஒருத்தன். என் ஒப்பந்தம் வரும் ஏப்ரலோடு முடிகிறது. எனக்கு முப்பத்துமூன்று. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

4 ஒக்டோபர்

இடது முழங்கால் மறுபடியும் தொடங்கிவிட்டது. பக்கை, அந்த ரப்பர் வட்டை, மறிக்க முழங்காலில் விழுந்து கால்களை மூடும்போது இடது பக்கம் முழுதாக மூட மாட்டேன் என்கிறது. ஒரு பக் தாராளமாகப் போகும். வைத்தியரிடம் சொன்னால் கழகத்துக்குத் தெரியவரும். கழகத்துக்குத் தெரிந்தால் கிருபாகரனாகிய நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எல்லோரும் போன பிறகு குளிக்கும் அறையில் காலில் ஐஸ் கட்டிக்கொண்டு இருந்தேன். கதவு திறந்தது. யானிக். காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எக்ஸ்கூசி" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான்.

போச்சு. எல்லாம் போச்சு.

5 ஒக்டோபர்

நாய்.

12 ஒக்டோபர்

மட்ச் தொடங்குமுன் அணியில் ஒவ்வொருவனும் வலையடிக்கு வந்து கோலியின் கால் கவசத்தில் தடியால் தட்டிவிட்டுப் போவான். இடதில் ஒன்று, வலதில் ஒன்று. அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மட்ச் தொடங்கின மாதிரி. இன்று எல்லோரும் தட்டினார்கள். கடைசியாக யானிக் வந்தான். வலதில் மட்டும் தட்டினான். இடதைத் தொடவேயில்லை. முகத்தில் அதே சிரிப்பு.

எனக்குத் தெரியும் என்கிறான். வெருட்டுகிறான். முதல் பத்து நிமிடம் எனக்குப் பக்கே தெரியவில்லை. ஐந்து கோல் விட்டேன்.

19 ஒக்டோபர்

இன்றும் வலதில் மட்டும். இன்றும் தோல்வி.

2 நவம்பர்

கோச் கூப்பிட்டார். இனி வலைக்கு யானிக் நிற்பானாம், நான் வெளியே வாங்கில் இருக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். "மாற்றம் வேண்டும்" என்றார். ஆர் போய்க் காதில ஊதினது எண்டு எனக்குத் தெரியாதோ? நல்லா இருக்கட்டும். நல்லா நிண்டு பிடிக்கட்டும்.

மாற்றுக் கோலிக்கு என்ன வேலை? வாங்கின் கரையில் இருந்து, உள்ளே வருகிறவனுக்கும் வெளியே போகிறவனுக்கும் ஐஸ் தளத்தின் சின்னக் கதவைத் திறந்து மூடுவது. அது மட்டும்தான். இன்று முழுக்கத் திறந்து மூடினேன். யானிக்கின் காலில் போய்த் தட்டவில்லை. தட்டவும் மாட்டேன்.

10 நவம்பர்

அப்பா ரெனானிலிருந்து ரயிலேறி மட்ச் பார்க்க வந்திருந்தார். முடிந்ததும் போர்வையை மடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, உன்னை ஏன் கதவு திறக்க விட்டிருக்கினம்? நான் இவ்வளவு வருசம் ஹோட்டல் குசினியில நிண்டும் ஆருக்கும் கதவு திறக்கேல்லை."

ஸ்டேசன் வரை காரில் கொண்டுபோய் விட்டேன். 

30 நவம்பர்

வாங்கிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. அடிக்கிறவன் தடியை ஓங்கும்போது யானிக் இடது கையை, அந்தப் பிடிக்கும் கையை, ஒரு சாண் கீழே இறக்குகிறான். ஒவ்வொரு முறையும். தோளுக்கு மேலே வாசல் மாதிரி திறந்து கிடக்கிறது. இந்த லீக்கில் இன்னும் ஒருத்தனும் கவனிக்கவில்லை.

சொல்லிக் குடுக்க நான் என்ன அவனுக்கு மாமனோ? கிடக்கட்டும்.

21 டிசம்பர்

மனைவி யூலியானா சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் டக்கென்று வைத்தாள். "நாலு நாளா என்னோட ஒரு வார்த்தை கதைக்கேல்லை. அந்தப் பெடியனோட கோவமெண்டால் அவனோட போய்ச் சண்டை பிடியுங்கோ. என்னை ஏன் பக் மாதிரித் தள்ளி விடுறியள்?"

சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

14 ஜனவரி 2025

ஒப்பந்தத்தை முறித்துவிட்டார்கள். அதே லீக்கில் இன்னொரு கழகம் எடுக்கிறது, இந்தப் பருவம் முடியும் வரை. பையைக் கட்டும்போது கோச் வந்து தோளில் தட்டினார். "அவர்களிடம் உண்மையைத்தான் சொன்னேன். உடம்பில் ஒரு குறையும் இல்லை, முழங்கால் இரண்டும் இருபது வயதுக்காரனுடையது என்று. எனக்கு இளையவன் வேண்டும், அவ்வளவுதான்."

பேயன் மாதிரி நின்றேன். இந்த மனிசனுக்கு ஒன்றும் தெரியாது. யானிக் வாயே திறக்கவில்லை.

அப்படியென்றால் வலதில் மட்டும் தட்டியது? நோகும் என்றோ இடதை விட்டான்? அதுதான் இன்னும் எரிகிறது. என்னைப் பார்த்து இரக்கப்பட இவன் ஆர்?

7 பெப்ரவரி

நாளை பழைய கழகத்தோடு மட்ச். புதிய கோச் நேற்றே சொல்லிவிட்டார்: வென்றால் அடுத்த வருசமும் இடம் உண்டு. இன்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "யானிக்கோடு நாலு மாதம் இருந்தாய். அவனுக்கு எங்கே அடிக்க வேண்டும்?"

அணி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. இடது தோளுக்கு மேலே. மூன்று சொல்லில் முடிகிற விசயம்.

"அவன்ர முகத்தில முழிக்கவே எனக்குப் பிடிக்காது. நான் அவனைப் பார்க்கேல்லை" என்று அவர்கள் மொழியில் சொன்னேன். பாதி உண்மை. கோச் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து யூலியானாவிடம் சொன்னேன். "உங்களுக்கு விசரோ?" என்றாள். ஓம் போல.

8 பெப்ரவரி

முழங்கால் காலையிலிருந்தே நொந்தது. அந்த அணியில் இருபது பேர். யானிக் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இடது பக்கம் கீழே அடித்து அடித்தே என்னை முடித்திருப்பார்கள். மட்சின் மூன்று பகுதியும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே அடித்தார்கள், வலதில் அடித்தார்கள், கூட்டமாக வந்து என் மேல் விழுந்தார்கள். அந்த இடைவெளியை ஒருத்தனும் தேடவில்லை.

எங்கள் ஆட்கள் யானிக்கின் நெஞ்சுக்கும் காலுக்குமே அடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் பிடித்துத் தள்ளினான். இரண்டுக்கு ஒன்று, தோற்றோம். அடுத்த வருசக் கதையைக் கோச் எடுக்கவேயில்லை. என் பக்கம் பார்க்காமல் போனார்.

முடிந்து எல்லோரும் உள்ளே போகும்போது யானிக் பனியில் வழுக்கிக்கொண்டு என் வலையடிக்கு வந்தான். அதே பல். தடியால் என் காலில் ஒரு தட்டுத் தட்டினான். வலதில் மட்டும்.

இன்னும் அவனைப் பிடிக்காது. குனிந்து அவன் காலில் தட்டினேன், இரண்டிலும்.

"கையை இறக்காதையடா, மடையா" என்றேன். தமிழில்தான். அவன் விளங்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.