பத்துப் பத்து விநாடியாக

அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை போகும் காலை பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நம் பேய்த் தொடரின் புது சீசன் வந்துவிட்டது. ஹெட்செட்டின் இடப்பக்கம் என் காதில் இருக்கிறது. உனக்கான வலப்பக்கம் மடியில் கிடக்கிறது. உன் தேங்காயெண்ணெய் வாசனை இன்னும் அதைவிட்டுப் போகவில்லை. எனக்கு எரிச்சலாக வருகிறது.

நான் துணிக்கடைக்குப் போகிறவள், நீ இ-சேவை மையத்துக்கு. ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், பேர்கூடக் கேட்காமல் ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை என் காதில் மாட்டிவிட்டாய். உன் போனில் ஓடிய ஜப்பான் பொம்மைப் படத்தில் ஒருவன் பேயின் கழுத்தை வெட்டிக்கொண்டிருந்தான். "பாருங்க, நல்லாருக்கும்" என்றாய். இரண்டே வாரத்தில் 'டி' போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

ஒரு பயணத்துக்கு ஒரு எபிசோட். இறங்குவதற்குள் ஆளுக்கொரு நிறை, ஒரு குறை சொல்லியாக வேண்டும். நிறை சொல்வதில் நீ கெட்டிக்காரி. "பேய்க்கும் ஒரு நாயம் வச்சிருக்கான் பாரு. பசிச்சுத்தானே அதுவும் திங்கிது" என்பாய். வாள்சண்டை, யாரையும் செல்லப்பிள்ளையாக விட்டுவைக்காத துணிச்சல், இவற்றை நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் எனக்குக் குறை சொல்லத்தான் வாய் திறக்கும். "பொம்பளைங்கள ஓரமா நின்னு ஹீரோ பேரக் கத்தத்தான் வச்சிருக்கான். சக்தியே தீந்துபோச்சும்பான், அடுத்த நிமிசம் புதுசா ஒண்ணு மொளைக்கும்."

எல்லாவற்றிலும் பெரிய குறை பழைய கதை. சண்டை உச்சத்தில் நிற்கும்போது ஒருவனுக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்தால், அவன் சாகப்போகிறான் என்று அர்த்தம். "ஆரம்பிச்சுட்டான்டி, இவன் காலி" என்று திரையைத் தட்டிப் பத்துப் பத்து விநாடியாகத் தள்ளுவேன். நீ என் கையைப் பிடிப்பாய். "இருடி, பாவம், சொல்லட்டும். சாகப்போறவன் வேறென்னத்தக் கேக்குறான்?" நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு கிட்னி கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாய். வீங்கிய உன் முகத்தைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. என்னைத் தனியாக பஸ்ஸில் போகவிட்டாளே என்று கோபம்தான் வந்தது. உன் அம்மா சுடுதண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நீ என் விரலைப் பிடித்துக்கொண்டாய்.

"ஏடி, மொத நாளு ஒங் காதுல எதுக்கு மாட்டிவிட்டேன்னா..."

எனக்குப் பயம். இப்போது தெரிகிறது. அப்போது வாயில் வந்தது வேறு.

"பழைய கதைய ஆரம்பிச்சுட்டியா? அப்ப நீ காலி. தள்ளிவிடுடி" என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரி என்னை முறைத்தாள். நீ சிரித்தாய். "சரி, தள்ளிட்டேன்" என்று விரலை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். மூன்றாம் நாள் உன் அம்மா போன் செய்தார்.

காரியம் முடிந்த பிறகு உன் வீட்டுக்குப் போனேன். "ஒன்ட்ட என்னமோ சொல்லணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. சொன்னாளா தாயி?" என்று உன் அம்மா கேட்டார்.

"சொன்னாம்மா" என்றேன். அவர் முகம் தெளிந்தது. அந்தப் பொய்யையும் உன் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

இன்றைய எபிசோடில் வயிற்றில் வாள் இறங்கிய ஒருவன் சின்ன வயசுக் கதையை ஆரம்பித்தான். விரல் தானாகத் திரைக்குப் போயிற்று. எடுத்துக்கொண்டேன். முழுக்கக் கேட்டேன். சொல்லி முடித்துத்தான் செத்தான். குறை குறைதான், ஒரே இழுவை. ஆனால் அந்தப் பொம்மைக்குக் கொடுத்ததைக்கூட நான் உனக்குக் கொடுக்கவில்லை.

பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. குறை சொல்லிவிட்டேன், நிறை சொல்ல நீ இல்லை. இந்தத் தொடரைப் பின்னால் இழுத்து எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். உன்னிடமிருந்து என்னிடம் இருப்பது 'எதுக்கு மாட்டிவிட்டேன்னா' என்கிற பாதிப் பேச்சு மட்டும். மீதியை நான்தான் தள்ளிவிட்டேன்.