வேம்புலியை ஏழாம் அறையிலிருந்து மாற்றக் கோரும் மனு

திருநின்றவூர் என்னைப் பெற்ற தாயார் திருவடிகளே சரணம்.

அனுப்புநர்:
கோ. பக்தவத்சலம் (வயது 82),
அறை எண் 7, தனியார் முதியோர் இல்லம்,
வானகரம்.

பெறுநர்:
மாவட்ட சமூக நல அலுவலர் அவர்கள்,
திருவள்ளூர்.

பொருள்: இல்லத்தில் அறைத்தோழரைத் தேர்ந்து அமர்த்தும் முறை குறித்து.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இவ்வில்லத்தில் அறைக்கு இருவர். என் முதல் அறைத்தோழர் தட்சிணாமூர்த்தி இறுதி மூச்சுக்குத் தவித்தபோது, அருகமர்ந்து பாசுரங்கள் ஓதினேன். அமைதியாக அடங்கினார். அதைக் கண்ட மேலாளர் ரவிச்சந்திரன், மருத்துவர் கைவிட்டவர்களையெல்லாம் என் அறைக்கே அனுப்பலானார். அதன்பின் பதினான்கு மாதங்களில் பதினொருவர் இவ்வறையில் இறந்தனர். அவர்களிடமும் சம்மதம் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. ஒருவரை எடுத்த கட்டிலில் விரிப்பை மாற்றுமுன் அடுத்தவரின் பெட்டி வந்துவிடும்.

2. உணவுக்கூடத்தில் என் மேசையில் இப்போது எவரும் அமர்வதில்லை. காலையில் நான் திருநாமம் சொல்லத் தொடங்கினால், அடுத்த அறைச் சாவித்திரி அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு அழுவார்.

3. நெமிலிச்சேரியில் பயிரிட்டு வாழ்ந்து, இங்கே மாடி அறையில் இருந்த வேம்புலி ஒருவரே என்னோடு பேசிவந்தார். "இன்னா சாமி, இன்னிக்கி யாருக்கு டிக்கெட் கிழிச்ச?" என்று சிரிப்பார். இம்மாதம் ஐந்தாம் தேதி வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கூடிவிடும் என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருக்கிறார். ஆயினும், மாடி ஏற்ற இயலாது, கீழ்த்தளத்தில் காலியான கட்டில் இது ஒன்றே என்று கூறி, பதினைந்தாம் தேதி மருத்துவமனையிலிருந்து திரும்பிய அவரை என் அறையில் கிடத்தினர்.

படுத்ததும் என்னைப் பார்த்து, "எனக்குமா சாமி?" என்றார். இல்லை என்றேன். "அவங்களாண்டயும் இதத்தான சொன்ன" என்றார். உண்மைதான், அம்மையீர். பதினொருவரிடமும் இதையே சொன்னேன். அன்றுமுதல் அவர் உணவைத் தொடவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கிடக்கிறார்.

4. அவர் என்னை நம்ப வேண்டுமென்று ஒன்பது நாட்களாக வாய் திறந்து ஓதாதிருக்கிறேன். முணுமுணுத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறார். முதலையின் பிடியில் கஜேந்திரனால் கூவவேனும் முடிந்தது. எனக்கு அதுவும் இல்லை. மேலாளரிடம் முறையிட்டேன். "பாடுனாலும் சரி, பாடாங்காட்டியும் சரி பெரியவரே, பெட்டு காலியாவும்" என்றார்.

5. ஆகவே, வேம்புலியை உடனே வேறு அறைக்கு மாற்றவும், இனி இருவரின் சம்மதமும் பெற்றே அறை ஒதுக்கவும் உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். நேற்றுமுதல் அவர் தண்ணீரையும் மறுக்கிறார். ஆய்வுக்கு வர நாளாகுமெனில், தொலைபேசியிலேனும் ஒரு சொல் சொல்லுங்கள். தாமதித்தால் அவருக்கும் நான் ஓத நேரும். அவர் சொன்னதே சரியென்றாகிவிடும்.

தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நீடூழி வாழ்ந்து, விரும்பியவர் அருகிலேயே கண்ணயர எம்பெருமான் அருள்க.

இடம்: வானகரம்
நாள்: 24.06.2025

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
கோ. பக்தவத்சலம்