முகூர்த்தக்காலும் முதல் பிரிவும்

ஜூன் 4

காலையில் பயிற்சி, மாலையில் பயிற்சி, நடுவில் நீர்மோர். இரண்டாம் பிரிவுக் கால்பந்துக் கோப்பையை வாங்கி ஒரு மாதம் ஆகிறது. கிளப் முதலாளி காசிமாயன் அண்ணன் அதைத் தன் கல்யாண மண்டப வாசலில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நேற்று யாரோ அதில் கல்கண்டு போட்டு வைத்திருந்தார்கள்.

பழங்காநத்தம் முழுக்க ஃபிளெக்ஸ். ‘நாட்டின் முதல் பிரிவில் நம்ம மதுரை மாயன் எஃப்.சி.!’ அண்ணன் கூலிங்கிளாஸோடு பந்தை மிதித்துக்கொண்டு நிற்கிறார். அணி கீழே, ஓரத்தில். என்னைத் தேடினேன். என் முகத்தின் மேல் அச்சகத்தின் போன் நம்பர். கோல்கீப்பர் என்றால் இளக்காரம்தான்.

இன்னும் நாங்கள் மேலே போகவே இல்லை. அதை யார் அண்ணனிடம் சொல்வது?

முப்பத்தைந்து வயதாகிவிட்டது. முதல் பிரிவில் ஒரு மேட்ச் ஆடியதில்லை. என் மனைவி முத்துமீனா தீர்த்துச் சொல்லிவிட்டாள். “ஒரே ஒரு மேட்ச் மாமா. மேல ஆடிட்டு வந்துருங்க, அம்புட்டுத்தான். அப்புறம் கொட்டாம்பட்டில எங்கண்ணன் உரக்கடைக்குப் போயிருவோம்.” சரி என்றேன். ஒரே ஒரு மேட்ச். இது பேராசையா?

ஜூன் 9

மாமனார் போனில் பிடித்துக்கொண்டார். “ஜெயிச்சாச்சுல்ல மாப்ள, மேல போக வேண்டியதுதான? அப்புறம் என்ன லைசென்சு?”

விளக்கினேன். முதலில் ஒரு லீக் இருந்தது. ஜெயித்தால் ஏறணும், தோற்றால் இறங்கணும். கூட்டம் வரவில்லை என்று, பக்கத்திலேயே பணக்காரர்களுக்கு இன்னொரு லீக் வைத்தார்கள். அதில் எவ்வளவு தோற்றாலும் யாரும் இறங்க வேண்டியதில்லை. பட்டாசு, டான்ஸ், வெளிநாட்டில் ரிட்டயர் ஆனவர்கள் வந்து ஓடினார்கள். சரி, நடந்தார்கள். இரண்டில் எது பெரியது என்று சண்டை வந்தது. பணம் இருந்ததால் புதியது முதல் பிரிவானது, பழையது இரண்டாம் பிரிவானது. இப்போது ஜெயித்தால் ஏறலாம் என்கிறார்கள், ஆனால் லைசென்ஸ் வேண்டும். அதற்கு மைதானம், விளக்கு, ஆம்புலன்ஸ், நல்ல புல்.

“புல்லா?”

“ஆமா மாமா, புல்லுதான்.”

“அதுக்கு ரெண்டு மாடு வாங்கி விட்ருக்கலாம் மாப்ள.”

ஜூன் 16

இருபதாம் தேதி லைசென்ஸுக்காக டெல்லியிலிருந்து கால்பந்து சம்மேளன அதிகாரி வருகிறார். விளாங்குடி மைதானத்தைப் பார்ப்பார். கோச் அழகுபாண்டி அண்ணன் தானே குழாய் பிடித்துப் புல்லை நனைக்கிறார், பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல. இவ்வளவு பச்சையாக அந்த மைதானத்தை நான் பார்த்ததே இல்லை. நம்பிக்கை வருகிறது. பயமாகவும் இருக்கிறது.

ஜூன் 18

ஐயோ.

பயிற்சிக்குப் போனால் மைதானத்தில் நாதஸ்வரம். முதலாளி பட்டு வேட்டியில், பக்கத்தில் ஜோசியர். நல்ல காரியம் தொடங்கும்முன் முகூர்த்தக்கால் ஊன்றாவிட்டால் எப்படி? மண்டபம் நடத்துகிறவருக்கு வேறு எந்த யோசனை வரும்! ஜோசியர் திசை பார்த்தார், நடந்தார், நின்றார். “ஈசானியம் இங்கனதான்.”

அது என் கோலுக்கு முன்னால்.

கடப்பாரையை எடுத்து என் கண் முன்னாடியே குத்துனாய்ங்க. நாலு வருசம் நான் விழுந்து புரண்ட இடம்டா அது! மூங்கிலுக்கு மஞ்சள், மாவிலை, குழிக்குள் பாலும் நவதானியமும். அதோடு விட்டார்களா? அதிகாரி வெயிலில் நிற்பாரா என்று நடுக்கோடு வரைக்கும் பந்தல். பந்தலுக்குக் குழிகள். குழிகளுக்கு நடுவே, புல்லின் மேல், சிவப்புக் கம்பளம்.

கோச் கெஞ்சினார். “அண்ணே, அவர் பாக்க வாரதே புல்லத்தான்.”

“புல்ல எந்தூர்லயும் பாக்கலாம். மரியாதைய மதுரையிலதான்டா பாக்க முடியும்” என்றார் முதலாளி.

ஜூன் 20

அதிகாரி ஒல்லியான மனிதர். ஆளுயர மாலை அவரையே மறைத்துவிட்டது. பொன்னாடை, சந்தனம், பன்னீர், ஜிகர்தண்டா. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, குனிந்து கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினார். புல் மஞ்சளாகக் கிடந்தது. முகூர்த்தக்கால் முன்னால் வந்து நின்றார். என்ன இது?

ஓரளவு இந்தி தெரியும் என்பதால் நான்தான் மொழிபெயர்ப்பு. விதி யாரை விட்டது.

எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார். முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “காரியம் முடியாமப் பிடுங்கினா குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொல்லு.”

காரியம் எப்போது முடியும்?

“லைசென்ஸ் வந்ததும்.”

கால் இருக்கும்வரை லைசென்ஸ் கிடையாது என்றார் அதிகாரி. அதையும் மொழிபெயர்த்தேன். இரண்டு பேரும் என்னைத்தான் முறைத்தார்கள். நான் என்னத்தச் செய்ய? பிடுங்கட்டுமா என்று ஒரு கணம் மூங்கிலில் கை வைத்துவிட்டேன். நாதஸ்வரக்காரர் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

அதிகாரி தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டுவிட்டு ஏர்போர்ட் போய்விட்டார். பிரியாணி சாப்பிட்டிருந்தால் மனசு மாறியிருக்கும் என்பது முதலாளியின் கருத்து.

ஜூன் 27

லைசென்ஸ் இல்லை.

ஜூன் 28

நேற்று எழுத முடியவில்லை. பதினாறு வருசம்யா. விரல் ரெண்டு கோணிப்போச்சு, தோள்பட்டை போச்சு. எல்லாம் போயி, ஒரு மூங்கிலுக்கு முன்னாடி வந்து முடியுது. முத்துமீனா உரக்கடைப் பேச்சைக்கூட எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 12

செய்தி: முதல் பிரிவே நிறுத்தி வைப்பு! லீக்கை நடத்தும் கம்பெனியின் ஒப்பந்தம் முடிகிறதாம். புதிதாக எடுத்து நடத்த ஆளில்லை. லைசென்ஸ் வாங்கிய கிளப்புகளெல்லாம் அதை வைத்துக்கொண்டு விழிக்கின்றன.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா மாப்ள! போயிருந்தா நாமளும்ல மாட்டிருப்போம். முகூர்த்தக்கால் காப்பாத்திருச்சு.”

ஜோசியருக்கு மோதிரம் போட்டிருக்கிறார்.

செப்டம்பர் 7

ஆட்டம் இல்லாவிட்டாலும் சம்பளம் தருகிறார், பொய் சொல்லக் கூடாது. பதிலுக்கு முகூர்த்த நாட்களில் மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறோம். இன்று எங்கள் பின்கள வீரர்கள் நால்வரும் ஒரே கோட்டில் நகர்ந்து, ஓர் இலையையும் விடாமல் சாம்பார் ஊற்றினார்கள். போன வருடம் இந்த ஒழுங்கு எங்கே போயிருந்தது? நான் வாசலில் நின்று பன்னீர் தெளித்தேன்.

நவம்பர் 19

சம்மேளனம் பேசுகிறது. கிளப்புகள் பேசுகின்றன. வக்கீல்கள் பேசுகிறார்கள். பந்துதான் சும்மா கிடக்கிறது.

ஜனவரி 11

கோச் போன் பண்ணினார், அழுதுகொண்டே.

குறுகிய சீசன் நடத்துகிறார்களாம். எல்லா ஆட்டமும் கோவாவில் மட்டும். முதல் பிரிவு கிளப் ஒன்று விலகிவிட்டது. ஆள் குறைகிறது, எங்களைக் கூப்பிடுகிறார்கள். எந்த கிளப்புக்கும் சொந்த மைதானம் தேவையில்லை என்பதால் லைசென்ஸும் தேவையில்லையாம்.

முத்துமீனாவிடம் சொன்னேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்திவிட்டு, “நெசமாவா மாமா?” என்று மாவுக் கையோடு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 22

ஆடிவிட்டேன்.

முழு ஸ்டேடியத்தில் காவலர்கள் சிலரும் ஒரு நாயும். பரவாயில்லை. விசில் ஊதினார்கள். முதல் பந்து ஒன்றுமில்லாத பந்து, உருண்டு வந்தது. குனிந்து எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். விட மனசு வரவில்லை. ஏன் இத்தனை நேரம் வைத்திருக்கிறாய் என்று நடுவர் கத்தினார்.

நான்கு கோல் வாங்கினேன். முத்துமீனா போனில் பார்த்தாளாம். “மூணாவது ஒங்க மேல தப்பில்ல, அந்தச் சாம்பார் ஊத்துன நாலு பேரு மேலதான்.” சந்தோஷமாக இருக்கிறது. வேறென்ன எழுத.

மார்ச் 29

எல்லா ஆட்டத்திலும் தோற்று ஊருக்கு வந்தாயிற்று. இன்று சம்மேளனம் அறிவித்துவிட்டது: ஆட்டங்கள் குறைவு என்பதால் இந்த சீசன் கணக்கில் சேராது. யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறியதாகவும் இல்லை. வீரர்களின் பதிவிலும் ஏறாது. அதாவது நான் முதல் பிரிவில் ஆடவில்லை. அந்த நான்கு கோலும் யாருக்கோ விழுந்திருக்கின்றன.

சாப்பிடப் பிடிக்கவில்லை. நாளை கொட்டாம்பட்டிக்குப் போவதாகப் பேச்சு. சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். முத்துமீனா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அவிங்க எண்ணலையாக்கும்?”

“இல்ல.”

“அப்ப நீங்க இன்னும் மேல ஒரு மேட்சும் ஆடலைன்னுதான அர்த்தம்?”

“எனக்கு முப்பத்தாறு ஆகப்போகுது, மீனா.”

“அதுக்கு? நான் சொன்னது என்ன, ஒரு மேட்ச் ஆடிட்டு வாங்கன்னுதான? இன்னும் ஆடலையே.” பெட்டியிலிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். “எங்கண்ணன்ட்ட நான் பேசிக்கிறேன். நீங்க எந்திரிச்சு வந்து சாப்பிடுங்க.”

சாப்பிட்டேன். காலையில் பயிற்சி.