பின்னூட்டப் பெட்டியில் அப்பா

மார்ச் 3
(உன் வீடியோவுக்குக் கீழே)

அன்பு மகள் வாயாடிக்கு,

நானும் கடையும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பது வாரத்தில் மூன்று நாள் திரையிலேயே தெரிகிறது.

இரண்டு வருடமாக நான் கூப்பிட்டால் மட்டும் நீ போனை எடுப்பதில்லை. உன் வீடியோவுக்கு அடியில் ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் எழுதுகிறேன். தபால் பெட்டி மாதிரி வசதியாக இருக்கிறது.

பத்திரிகை வேலையை உதறிவிட்டு, சமையலறையில் நின்று கேமராவிடம் செய்தி சொல்கிறாயே என்று எனக்குக் கோபம் இருந்தது உண்மை. ஆனால் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டவர்கள்தான் இப்போது நம் கண்ணாடிக் கடைக்கு வருகிறார்கள். உன் தொழிலால் பிழைக்கிறவன் உன்னைத் திட்டலாமா?

பின்னால் கொடியில் கிழிந்த நைட்டி காய்கிறது. அதை எடுத்துவிட்டுச் செய்தி சொல்லு.

அப்பா

மார்ச் 4
(மின்னஞ்சலில்)

அப்பாவுக்கு,

அது தபால் பெட்டி இல்லை, நடுத்தெரு! உங்கள் கடிதத்தை ஒன்பதாயிரம் பேர் படித்துவிட்டார்கள். என் நைட்டியைப் பற்றி முகம் தெரியாதவர்கள் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். ஒரு அம்மா ஊசி நூல் அனுப்பட்டுமா என்று கேட்கிறார்.

தயவுசெய்து அழித்துவிடுங்கள். ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கும், அதை அழுத்துங்கள்.

சித்தப்பா வீட்டு விருந்தில் சொந்தக்காரர்கள் இருபது பேர் முன்னால், "பேனா பிடிக்கத் தெரியாதவதான் இப்படி வாயை வச்சுப் பிழைப்பா"ன்னு சொன்னீங்களே, அதுவே எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குள் இது வேறா?

மகள்

மார்ச் 6
(உன் வீடியோவுக்குக் கீழே)

அன்பு மகளுக்கு,

மறுபடியும் இங்கேதான் எழுதுகிறேன். பல்லைக் கடிக்காதே.

மூன்று புள்ளி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இது நடுத்தெரு என்பதும் முதல் நாளே தெரியும். ஒன்றும் தெரியாதவன் மாதிரி எழுதினால், திருத்துவதற்காகவாவது நீ பதில் போடுவாய் என்று நினைத்தேன். போட்டுவிட்டாய். நைட்டி மட்டும் கை தவறி வந்துவிட்டது, அதற்குத் தனியாக மன்னிப்பு.

இருபது பேர் முன்னால் உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டு, காதோரம் வந்து மன்னிப்புக் கேட்டால் அது திருட்டு மன்னிப்பு. அதனால் எல்லோரும் கேட்கட்டும். அன்றைக்கு நான் பேசியது தப்பு. அச்சில் உன் பெயர் வந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டியவன் நான். அது நின்றதும் எனக்குத்தான் தாங்கவில்லை. அந்த ஆத்திரத்தை உன் மேல் கொட்டினேன். மன்னித்துவிடும்மா.

மேலே இருப்பதைக் காலையிலேயே போட்டு, அந்த இருபது பேருக்கும் அனுப்பிவிட்டேன்; இது மாலையில் சேர்த்தது. சித்தப்பா, "எழுத்து பொடிசா இருக்கு, அப்புறம் பாக்கறேன்"னு நழுவப் பார்த்தான். புதுக் கண்ணாடி மாட்டிவிட்டு, உரக்கப் படிக்க வைத்தேன்.

உன் அப்பா

மார்ச் 7
(எல்லோரும் பார்க்கும்படி)

அன்புள்ள அப்பாவுக்கு,

சித்தப்பா படிப்பதை நினைத்துச் சிரித்தேன். பிறகு ஒரு பாட்டம் அழுதேன்.

உங்கள் இரண்டாவது கடிதத்தை எல்லாப் பின்னூட்டத்துக்கும் மேலே நிறுத்தி வைத்திருக்கிறேன். இனி யார் வந்தாலும் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். கேமராவை எடுத்து வரப் போவதில்லை. மிச்சத்தை நாம் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்வோம்.

உங்கள் வாயாடி