அடியில் விட்ட ஒரு கரண்டி

டாலிகஞ்ச்,
வியாழக்கிழமை

அன்புள்ள வித்யாவுக்கு அம்மாவின் ஆசிகள். முட்டிவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் அகமதாபாத் புழுக்கத்தில் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லாததற்குக் காரணம் உண்டு, நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவாய், இது மாப்பிள்ளை காதில் விழ வேண்டிய விஷயம் இல்லை. நம் சாம்பார் பொடியில் வண்டு. ஆமாம், என் பொடியில். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, எழுந்து எழுந்து போய் அந்த டப்பாவைத்தான் பார்க்கிறேன்.

அரிசி வண்டு வழி தவறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மாடி வீட்டு வங்காளிப் பெண் மது, காலேஜில் விலங்கியல் சொல்லித் தருகிறவள், அப்பாவின் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, மாஷிமா, அரிசி வண்டுக்கு உங்களைப் போல நீள மூக்கு இருக்கும், இதற்கு மூக்கே இல்லையே என்று சிரித்தாள். நானும் பார்த்தேன். கடுகைவிடச் சற்றுப் பெரிது, பழுப்பு நிறம், தலையைக் கீழே மடக்கிக் கூன் போட்டுக்கொண்டு நிற்கிறது, தொட்டால் செத்ததுபோல் கிடக்கிறது. மல்லி, மிளகாய், புகையிலை எல்லாவற்றிலும் வருமாம், சிகரெட் வண்டு என்று பெயராம். சிகரெட் நுழையாத வீட்டில்! வண்டு முட்டைதான் இடும், தின்று தீர்ப்பது அதன் வெள்ளைப் புழு என்றாள்.

லேக் மார்க்கெட்டில் மல்லி விற்ற முருகானந்தத்திடம் சண்டைக்குக் கிளம்பினேன். ஆதாரம் வேண்டுமே என்று டப்பாவைக் கவிழ்த்தேன், பிறகு போகவில்லை. அடியில் பழைய பொடி அடைபோல் இறுகி, அதற்குள் புழு. டப்பாவை ஒருநாளும் துடைத்துக் காலி செய்யக் கூடாது, ஒரு கரண்டி விட்டு அதன் மேல்தான் புதுப்பொடி கொட்ட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தேனே, அந்த ஒரு கரண்டிதான்.

உன் கல்யாணத்தில் அதிலிருந்துதான் ஒரு கரண்டி எடுத்து உன் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். சம்பந்தி மாமி வேறு துர்கா பூஜைக்கு முன்னால் அங்கே வருகிறார், நிச்சயதார்த்தத்தன்றே இது கடைப்பொடியா என்று கேட்டவர். அந்த மூடியை அவர் திறக்கக் கூடாது. கடிதம் கண்டவுடன் அவ்வளவையும் பையில் கட்டி வெளியே போடு, சலித்து வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்காதே, முட்டை சல்லடையில் நிற்காது. டப்பாவை வெந்நீரில் கழுவிக் காயவை, அலமாரி இடுக்குகளைத் துடை, மிளகாய்ப் பொடியையும் பார். புதிதாக அரைத்து அனுப்புகிறேன், ஃப்ரீசரில் வை.

காலி டப்பாவைப் பார்த்துப் பயப்படாதே. அப்பா தவறிய மாதத்தில்கூட என்னுடையது காலியாக இருந்ததில்லை, இப்போது பால்கனியில் கவிழ்ந்து கிடக்கிறது. நானும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

இருவரும் நிறைவாக வாழ வேண்டும். கழுவியாயிற்று என்று ஒரு வார்த்தை போனில் சொல், ஸ்பீக்கரை அணைத்துவிட்டு.

உன் அம்மா,
ராஜம் வெங்கடராமன்