பெண்கள் வார்டில் என் ஆள்

என் அருமை ராத்தா,

பக்கத்துக் கட்டில்காரி எழுதுகிறேன். போன கிழமை பரிசோதனை முடிவு வந்தது. நோய் இல்லை. கூட வந்த ஜெயந்தி கிளினிக்கிலேயே அழுதுவிட்டாள். எனக்கோ உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. உங்கள் ஊருக்கு, ஏறாவூர் பஸ்ஸில் ஏறக்கூடப் பார்த்தேன். நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டது என் கால்களுக்கு இன்னும் தெரியவில்லை.

மார்பை எடுத்த பிறகு நான் முகட்டையே பார்த்துக் கிடந்த நாட்கள் நினைவிருக்கிறதா? பார்வை நேரம் முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். ஜெயந்தி மட்டும் ‘சிநேகிதி’ என்ற பெயரில் என்னோடு தங்குவாள். அவள் எனக்குத் தலை சீவிவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் ஒரு பின்னேரம் வாய் திறந்தீர்கள்.

“எங்கட மாப்புள்ளமாரெல்லாம் வெளிய நிக்காங்க. உன்ட ஆள் மட்டும் உள்ளுக்க. குடுத்து வெச்சவ புள்ள நீ.”

ஜெயந்தி சீப்பைக் கீழே வைத்துவிட்டாள். நீங்களோ சிரித்துக்கொண்டே தோடம்பழம் உரித்து எங்கள் இருவருக்கும் பாதி பாதி கொடுத்தீர்கள். தையல் இழுக்க இழுக்க நானும் சிரித்தேன். ஒளித்து ஒளித்து வாழ்ந்த எங்களைக் கண்டுபிடித்தும் முகம் சுளிக்காத முதல் மனிசி நீங்கள்தான்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் கதிரவெளியிலிருந்து அண்ணன் வந்தார். இரத்த உறவு என்று டொக்டர் அவரோடு மட்டும் பேசினார். ஜெயந்தி வாசலில் நின்றாள். “இனி இவள் எங்கட வீட்டதான் இருப்பாள்” என்றார் அண்ணன். மருந்து ஏற்றும் மாதங்களை ஜெயந்தி இல்லாமல் என்னால் தாண்ட முடியாது. ஆனால் அவளை என்ன உறவுமுறை சொல்லிக் கேட்பது?

நீங்கள்தான் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தீர்கள்.

“தம்பி, இந்தப் புள்ளைக்குப் புண் கழுவிக் கட்டணும். ஆரு செய்யிற?”

“வீட்ட பொம்பிளைகள் இருக்காங்கதானே.”

“இருப்பாங்க. இவ தன்ட காயத்த ஆருக்கிட்டக் காட்டுவா? அதக் கேளுங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஜெயந்தியின் பெயரைச் சொன்னேன். அவர் என் பையைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார்.

இப்போது போன் எடுத்தால், “ஜெயந்தி நிக்காளா?” என்றுதான் முதலில் கேட்பார். எவ்வளவு புரிந்துகொண்டார் என்று தெரியாது. ஆனால் மீன் அனுப்பினால் இரண்டு பேருக்கு அனுப்புகிறார். பெரும்பாலும் எனக்கு அது போதும்.

கிளினிக்கில் இன்றைக்கும், “கணவர் எப்படி எடுத்துக்கொண்டார்?” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இந்த உடம்பை ஜெயந்தி எப்படிப் பார்ப்பாளோ என்று நான் பயந்ததை நீங்கள் ஒருவர்தான் காதுகொடுத்துக் கேட்டீர்கள். நன்றி, ராத்தா. உங்களிடம் திரும்பி வந்த நோய் என்னை விட்டது என்ன நியாயம்? இப்படிக் கேட்டால் ஏசுவீர்கள்.

நேற்று உங்கள் மகள் றிஸ்னா பேசினாள். மார்பில் ஏதோ கட்டி தட்டுப்படுகிறதாம். வாப்பாவிடம் சொல்ல வெட்கமாம். “நீங்க வாங்க சாச்சி. ஜெயந்திச் சாச்சியையும் கூட்டி வாங்க” என்றாள். ஜெயந்தியையும் சின்னம்மா முறை வைத்துச் சாச்சி என்று கூப்பிட நீங்கள்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

நாளைக் காலை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். என்ன முடிவு வந்தாலும் உங்கள் பிள்ளை தனியாக இருக்க மாட்டாள். நாங்கள் இருவரும் யார் என்று அங்கே கேட்டால், இவளுடைய சாச்சிமார், ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறவர்கள் என்று நானே வாய் திறந்து சொல்வேன். இது என் வாக்கு.

உங்கள் தங்கச்சி,
றிஸ்னாவின் சாச்சி