பக்கத்து வகுப்புக்கு மாறணும்

ஒக்டோபர் 13, திங்கள்
விடிஞ்சதுலேர்ந்து தூறல். குடை காயவே இல்ல. ஒன்பது பி, கட்டுரைக் கொப்பி 34 திருத்தினேன். தலைப்பு: என் அம்மா.
அதே பிழைகள்தான். 'ஷீ கோ டு வர்க்' (12 பேர்). 'டிஸ்கஸ் அபவுட்'. 'யெஸ்டர்டே ஐ ஆம் வென்ட்'. அப்புறம் 'மை மதர் தே ஆர் கமிங்'. பதினாறு வருஷமா இந்த 'தே'யை வெட்டுறேன். திரும்ப முளைக்குது.
ரெண்டு வகுப்புக்கும் நடுவுல பலகை மறைப்பு; அந்தப் பக்கம் ஒன்பது ஏ. புது இங்கிலீஷ் டீச்சர் ஃபாஸிலா, கலேவெல ஊர்க்காரி, ஜனவரியில வந்தவ. காதுல விழுந்தது: "அம்மா 'வர்றாங்க'ன்னுதானே சொல்றோம்? அந்த மரியாதைதான் 'தே' ஆயிடுது. இங்கிலீஷ்ல 'ஷீ' போட்டா அம்மா கோவிக்க மாட்டாங்க."
பிள்ளைங்க சிரிப்பு.
எனக்கு ஏன் இது தோணல?

14, செவ்வாய்
மழை விட்டுச்சு. செருப்பு வார் அறுந்தது.
கிருஷாந்தினி மேசைகிட்ட வந்து நின்னா. என் வகுப்புல முதல் பிள்ளை. அம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறாங்க.
"டீச்சர், நான் ஏ-க்கு மாறலாமா? ஃபாஸிலா டீச்சர் சொன்னா புரியுது."
"பிரின்சிபல் சேர் விடமாட்டாரு."
சேர்கிட்ட நான் கேட்கவே இல்ல. "சரிங்க டீச்சர்"னு போயிட்டா.


15, புதன்
ஸ்டாஃப் ரூம்ல யாரும் இல்ல. ஃபா. மேசையில திருத்தின கொப்பிகள். எடுத்துப் பார்த்தேன். பிழை தேடித்தான். மூணாவது கொப்பியில 'டிஸ்கஸ் அபவுட்', ஒரு கோடுகூடப் போடாம. அப்படி ஒரு சந்தோஷம். எழுதவே வெட்கம்.
டீச்சர்மார் கூட்டத்துல, சேர் முன்னாலயே, ஃபா.வைப் பார்த்துச் சொன்னேன். "திருத்தாம விட்டா பிள்ளை அதையே சரின்னு நினைச்சுக்கும் சேர்."
ஃபா. முகம் சிவந்துச்சு. "கவனிக்கிறேன் டீச்சர்." அவ்வளவுதான்.
நெஞ்சு குளிரும்னு நினைச்சேன். குளிரல.

16, வியாழன்
செருப்பு தைச்சாச்சு. தேங்காய் வாங்க மறந்தேன்.
கணக்கு டீச்சர் மல்லிகா சொன்னாங்க: ஃபா. ஒரு கிழமைக்கு, திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், ஒரே வகைப் பிழையத்தான் திருத்துவாளாம். இந்தக் கிழமை 'ஷீ', 'தே'. மத்ததுக்கு அடுத்தடுத்து முறை வரும். பக்கம் முழுக்கச் சிவப்பா இருந்தா பிள்ளை மூடி வச்சிடுமாம்.
நான் திருத்தின கொப்பியெல்லாம் முழுக்கச் சிவப்பு.
இன்டர்வல்ல ஃபா.கிட்ட நேரா கேட்டேன். "நேத்தே இதைச் சொல்லியிருக்கலாமே?"
"எல்லார் முன்னாலயும் சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும் டீச்சர்?"
நல்லவளா வேற இருக்கா. அதுதான் இன்னும் பொறுக்கல.

17, வெள்ளி
வெயில். முதல் பாடத்துக்கு முன்னாடியே சேர் அறைக்குப் போனேன்.
"கிருஷாந்தினிய ஏ-க்கு மாத்துங்க சேர். செவ்வாய்க்கிழமையே கேட்டா. நீங்க விடமாட்டீங்கன்னு பொய் சொல்லிட்டேன்."
சேர் பேனாவை எடுத்தாரு. "உங்க கெட்டிக்காரப் பிள்ளையாச்சே."
"ஆமா சேர்."
கையெழுத்துப் போட்டாரு. கிருஷாந்தினி பையைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போனா. நடக்கல, ஓடினா.
பத்து நிமிஷம் இருக்காது. நாலு பேர் மேசைகிட்ட.
"டீச்சர், எங்களையும்?"
வயிறு எரியுது. நாலு பேர் பேரையும் எழுதிக்கிட்டேன்.